உள்நாட்டுக் குரல்

மெர்ஸி டீச்சர் திருச்சியில் கட்டற்ற மென்பொருள் கற்பித்துவந்தார். அவரிடம் படித்துப் பிறகு அவரோடே வேலை செய்தவன் துஷ்யந்தன். அவன் பெற்றோர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கே, அகதிகள் முகாமில்.

பார்வையற்றோர் பள்ளிகளுக்காக இருவரும் ஓர் இயங்குதளம் செய்தார்கள். அடித்தளம் பல நாட்டார் எழுதிப் பொதுவில் வைத்தது. திரையில் இருப்பதைத் தமிழில் வாசிக்கும் பகுதி துஷ்யந்தனுடையது. குரலும் அவனுடையதே. முகாம் வீட்டின் தகரக் கூரைக்கடியில், மழை ஓய்ந்த நேரங்களில் பதிவு செய்தான்.

பள்ளிகளுக்கு அதை வழங்க ஓர் அரசுத் துறை முன்வந்தது. அதிகாரி ஒருவர் டீச்சரைப் பார்க்க வந்தார்.

"உள்நாட்டுத் தயாரிப்புன்னு அறிவிக்கப் போறோம். துஷ்யந்தன் பேருதான் இடிக்குது."

"அவன் இங்கேயே பிறந்தவன் சார்."

"குடியுரிமை இல்லையே."

"அடித்தளத்தை எழுதினவங்க பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்கதான்."

"அவங்க யாரும் விழாவுக்கு வந்து நிக்கப் போறதில்லையே மேடம்."

"அப்ப அவன் எழுதினதை எடுத்துடவா?"

"ஐயோ, அது இருக்கட்டும். பேரு மட்டும் வேணாம்."

எழுதியவன் பெயரைப் பிறர் நீக்கக் கட்டற்ற மென்பொருளின் உரிமத்தில் இடமில்லை; அவனே நீக்கினால்தான் உண்டு. டீச்சர் துஷ்யந்தனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"நீ மாட்டேன்னு சொன்னா, நானும் மாட்டேன்னு சொல்லிடுவேன்."

"சொன்னா என்ன ஆகும் டீச்சர்?"

"பள்ளிகளுக்குப் போகாது."

சோதனைக்காக வந்திருந்த ஹப்ஸா என்ற மாணவியை அவன் நினைத்துக்கொண்டான். யார் துணையுமின்றி ஒரு கதையை முழுதாகக் கேட்டு முடித்து, அது தீர்ந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டவள் அவள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயரைத் தானே அழித்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

விழா நாளில் டீச்சரோடு போனான். வாசலில் காவலர் அவன் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இது முகாம் அட்டை. தனி அனுமதி வாங்கியிருக்கணுமே தம்பி."

"இதைச் செஞ்சதே இவன்தான்," என்றார் டீச்சர்.

காவலர் வாசலில் மாட்டியிருந்த, உருவாக்கியவர்களின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "அதுல இவர் பேர் இல்லையேம்மா."

டீச்சரும் உள்ளே போகவில்லை. இருவரும் கம்பிக் கதவோரம் நின்றார்கள். உள்ளே ஒருவர், இதன் ஒவ்வொரு எழுத்தும் நம் மண்ணில் பிறந்தது என்று பேசினார். பிறகு கணினியை இயக்கினார்கள்.

"வணக்கம். நான் வாசிக்கிறேன்," என்றது துஷ்யந்தனின் குரல், பெரிய ஒலிபெருக்கிகளில். கைதட்டல் தெருவரை கேட்டது.

அது அடங்கியதும் அவன் கேட்டான்.

"ஒரு மென்பொருள் எந்த நாட்டில் பிறந்ததுங்கிறது முக்கியமா டீச்சர்?"

டீச்சர் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மென்பொருளுக்கு இல்லைப்பா. உன் குரலை உள்ளே விட்டுட்டாங்களே."