பொடி டப்பியும் இரண்டு லவ் பேர்ட்ஸும்

வாகைக்குளம் என்னும் ஊரில் கொம்பையா, மாசானம், தளவாய் என உடன்பிறந்தார் மூவர் வாழ்ந்து வந்தனர். செலவழித்தால் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால், பிறந்த நாள் முதற்கொண்டு தத்தம் அறிவை மூவரும் தொடாமலே பாதுகாத்து வந்தனர் என்பது ஊரார் ஒருமனதாக ஒப்புக்கொண்ட செய்தியாகும்.

மூத்தவரான கொம்பையாவுக்கு ஆவுடைத்தங்கம் என்று ஒரே மகள், தாயில்லாப் பெண். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் ஆசையாய் வளர்த்த லவ் பேர்ட்ஸ் இரண்டு, பச்சையொன்றும் நீலமொன்றும், கூண்டோடு தந்தை வீட்டிலேயே தங்கிவிட்டன. வளைகாப்பு முடிந்து, பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வருவதற்குப் பத்து நாள் இருக்கையில் அவள் தொலைபேசியில் பேசினாள்.

"எப்பா, கண்டதையும் போட்டுக் கொன்னுராதீய. மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டு, உடம்புக்கு ஏத்த தீனியாப் பாத்துப் போடுங்க. நான் வரும்போது ரெண்டும் இளைச்சிருந்துச்சுன்னா வாசப்படி ஏறமாட்டேன். அப்படியே திரும்பிருவேன், ஆமா!"

கொம்பையா கலங்கிப் போனார். மகள் சொன்னால் செய்கிறவள். பேரப்பிள்ளையின் முதல் அழுகுரல் தம் வீட்டில்தான் கேட்கவேண்டும் என்பதோ அவருடைய ஒரே ஆசை. ஆகவே மூவரும் கூண்டைச் சுமந்துகொண்டு டாக்டரிடம் சென்றனர்.

டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகச் சொன்னார்.

"தினை போடுங்க. பச்சை இலை, கீரை எல்லாம் உடம்புக்கு நல்லது, கழுவிப் போடுங்க. உப்பு, எண்ணெய் ஆகாது. கிண்ணம் காலியானாத்தான் மறுபடி போடணும். முக்கியமா, நீங்க சாப்பிடத் தயங்குற எதையும் அதுகளுக்கு வைக்காதீங்க."

வீடு திரும்பியதும் ஆலோசனை தொடங்கிற்று.

"தளவாய், நீ எதைத் தின்னத் தயங்கமாட்டே?" என்று கேட்டார் கொம்பையா.

"பரோட்டா, அண்ணே."

"அதுல எண்ணெய் இருக்கேலே."

"அதுக்குத்தான் கழுவிப் போடச் சொல்லியிருக்காரு!" என்றார் மாசானம். அவர் மூவரில் நடுவில் பிறந்தவர், மூக்குப்பொடி போடுகிறவராதலால் குடும்பத்தில் சிந்தனையாளர் என்று பெயர் பெற்றவர்.

பரோட்டா வாங்கப்பட்டது. சீயக்காய் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து கூண்டில் வைக்கப்பட்டது. பறவைகள் இரண்டும் அதனைச் சற்றுநேரம் நோக்கிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டன.

அடுத்து தினை. தளவாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு பச்சைத் தினை ஒரு கைப்பிடியை வாயில் கொட்டி விழுங்கினார். புரையேறி, கண் பிதுங்கி, முதுகில் நாலு அடி வாங்கிய பிறகே மூச்சு வந்தது.

"தயங்கினியாலே?"

"இல்லண்ணே. தயங்குறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு!"

தினை தேறிற்று. பச்சைக் கீரையை அவர் ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டார். அது தயக்கமே என்று தீர்ப்பாகி, கீரை விலக்கப்பட்டது.

கிண்ணம் நிறையத் தினை வைத்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்பறவைகள் தினையை அலகால் உரித்து, உள்ளிருப்பதை மட்டும் விழுங்கிவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். அன்று மாலைக்குள் அவை இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தன. கிண்ணமோ உமியால் நிறைந்தே இருந்தது.

மறுநாளும் கிண்ணம் நிறைந்திருந்தது. பறவைகள் தொண்டை கிழியக் கத்தின.

"ஒரு மணிகூடத் தொடலயேலே! நெறைய இருக்கும்போது மேல போடவும் கூடாதே."

"விரதமா இருக்கும், அண்ணே."

"கிருத்திகையா இன்னைக்கு?"

"ரெண்டும் சேந்துல்லா இருக்கு. வேண்டுதலாத்தான் இருக்கும். தங்கத்துக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு."

பறவைகளின் பக்தி கண்டு மூவரும் நெகிழ்ந்தனர். ஆனால் மூன்றாம் நாள் காலையில் நீலம் தலை தொங்கிப்போய் இருந்தது. கொம்பையா கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதார். "வேண்டுதல் போதும் மக்கா! எம்பொண்ணு வாசலோட திரும்பிருவாளே!"

அண்ணன் அழுவதைக் காணப்பொறாத மாசானம் ஒரு சிட்டிகைப் பொடியை ஏற்றிக்கொண்டு, கூண்டுக்கதவைத் திறந்து கிண்ணத்தின்மேல் குனிந்தார். தும்மல் வந்தது. அது சிறிய தும்மல் அன்று. உமியனைத்தும் பறந்து தெருவைச் சென்றடைந்தது. அதிர்ச்சியில் மூடிய கண்களை மூவரும் திறந்தபோது கிண்ணம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"தின்னுட்டுலே!" என்று கூவினார் கொம்பையா.

"ஒரு தும்மலுக்குள்ள அம்புட்டையும்!" என்று வியந்தார் தளவாய்.

"பசி எடுக்கலண்ணே அதுகளுக்கு. தும்மல் கேட்டாத்தான் பசி எடுக்கு" என்று தீர்ப்புச் சொன்னார் மாசானம்.

கிண்ணம் காலியாகிவிட்டபடியால் மறுபடி தினை போடப்பட்டது. அன்று முதல் நாள்தோறும் இருவேளை, மூவரும் பொடி போட்டுக் கூண்டைச் சூழ்ந்து நின்று முறையாகத் தும்மினர். கிண்ணம் காலியாகும், தினை நிறையும். ஒரு வாரத்தில் பறவைகள் எலுமிச்சம்பழம்போல் உருண்டு திரண்டன.

குறித்த நாளில் ஆவுடைத்தங்கம் வந்திறங்கினாள். படியேறாமல் வாசலில் நின்றபடியே கூண்டைப் பார்த்தாள். கொம்பையா கூண்டை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தார்.

"அட, நல்லாத்தான் பாத்திருக்கீய!" என்று சிரித்து, வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தாள். "ஆமா, மூணு பேருக்கும் மூக்கு என்ன இப்படிக் கத்திரிக்காயா வீங்கியிருக்கு?"

"எல்லாம் ஒனக்காகத்தான், தாயி."

நடுப்பகலில் தலைவாழை இலை விரித்து, சோறும் அவியலும் அப்பளமும் பரிமாறினார்கள். மசக்கை விடாத பெண். ஒரு வாய் எடுத்ததும் குமட்டிற்று.

"வேண்டாம்ப்பா. பசியே இல்ல."

இலை நிறைந்திருந்தது. அண்ணன் தம்பிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மாசானத்தின் டப்பி திறந்தது. மூவரும் இலையைச் சூழக் குனிந்தனர்.

"சித்தப்பா, என்ன செய்ய..."

தும்மல்கள் மூன்றும் ஒரே சமயத்தில் விழுந்தன. ஆவுடைத்தங்கம் அவர்கள் கண் திறப்பதற்குள் இலையைச் சோற்றோடு சுருட்டி எடுத்துப்போய்க் கொல்லையில் பசுவின்முன் போட்டுவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குச் சென்றாள்.

மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தனர்.

"சோறு காலி!"

"அப்பளமும் காலி!"

"இலை எங்கலே?"

"அதையும்லா தின்னுட்டா, அண்ணே!"

கொம்பையாவின் கண்கள் ஆனந்தத்தால் நிறைந்தன. "பச்சை இலை உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாருல்லா!"

ஆவுடைத்தங்கம் முகம் கழுவி உள்ளே வந்தபோது, அப்போதுதான் அறுத்த தலைவாழை இலைகள் ஐந்து, உப்பும் எண்ணெயும் படாமல், நன்றாகக் கழுவி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சிறிய தந்தையர் இருவரும் ஆளுக்கொரு சிட்டிகையோடு ஆயத்தமாய் நின்றனர். கொம்பையா பரிவோடு சொன்னார்:

"உக்காரு தாயி. இந்த அஞ்சும் காலியானாத்தான் அடுத்தது வைக்கலாம்."