சும்மா நிற்பவன்

பெருங்குடியில் ஒரு பெரிய வீடியோ கேம் நிறுவனம். அதன் ஐந்தாவது மாடியில், திரையில் வரும் நாயகனை நடக்கவும் ஓடவும் குதிக்கவும் வைக்கும் குழு இருந்தது. குழுவின் தலைவி ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. வயது முப்பதுக்குள். தணிகாசலத்துக்கு நாற்பத்தைந்து. விளம்பரங்களுக்கு வரைந்துகொண்டிருந்தவர், அங்கே வந்து அவளிடம்தான் தொழில் கற்றார். முதலில் கேலியாகத்தான் அவளை "குருவே" என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை, நாயகன் சும்மா நிற்பது. விளையாடுகிறவர் எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதும் அவன் சிலைபோல் நிற்கக் கூடாது. எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

தணிகாசலம் அவனைச் சுவரில் சாய்ந்து உட்கார வைத்தார். வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. கொட்டாவி விட வைத்தார். அதுவும் திரும்பி வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"களைச்சுப்போய்த் தெரியறானாம். எந்த நேரமும் கிளம்பத் தயாரா இருக்கணுமாம்." அவர் கண்களைக் கசக்கினார். "இன்னிக்கு முடிச்சாகணும் குருவே. ராத்திரி சென்ட்ரல்ல என் பொண்ணுக்கு ரயில். திருச்சூர் காலேஜ், ஹாஸ்டல். ஏத்திவிட வரேன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னா மட்டும் போதுமா அண்ணே?"

"அவளும் அதையேதான் கேட்டா."

அவர் திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"தயாரா இருக்கிறவன் எப்படித்தான் நிப்பான்?"

ஜெசிந்தா எழுந்து வந்தாள். அவர் நாற்காலியைப் பிடித்துக் கூடத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.

மாலை ஆறு தாண்டியிருந்தது. பலருக்கு வேலை முடிந்திருந்தது. யாரும் கிளம்பவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அப்போதுதான் காலை. ஏதாவது கேட்டாலும் கேட்பார்கள்.

ஒருவன் கழுத்தை இடமும் வலமும் சுழற்றினான். ஒரு பெண், தான் இருக்கையில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்துவிடாதிருக்க, மவுஸை லேசாக நகர்த்தினாள். ஜன்னலருகே நின்றவன் கால் மாற்றி நின்றான். பையைத் தொட்டான். மேலாளர் அறையைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"அடப்பாவிகளா," என்று தணிகாசலம் சிரித்துவிட்டார். திரும்பி உட்கார்ந்து வேகமாக வேலை செய்தார்.

அனுப்பிவிட்டு வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. 'இவன்தான். இப்போது தயாராக இருக்கிறான்.'

"பாஸாயிட்டான் அண்ணே."

தணிகாசலம் எழவில்லை. "இன்னும் ஏதாவது திருத்தம் வருமோ என்னவோ. கொஞ்சம் இருந்து பாத்துட்டு..."

மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. மகளின் செய்தி. வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்களாம்.

அவர் பையைத் தொட்டார். மேலாளர் அறையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

ஜெசிந்தா கன்ட்ரோலரை எடுத்து நாயகனைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டாள்.

திரையில் நாயகன் நின்றான். கழுத்தைச் சுழற்றினான். கால் மாற்றி நின்றான். தோள்பையைத் தொட்டான். தூரத்தில் எதையோ பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"இவன் எப்போ கிளம்புவான் குருவே?"

"யாராவது அழுத்தினா."

இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடியும் பையைத் தொட்டான்.

தணிகாசலம் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. அந்த அமைதியில் அது பெரிய சத்தம். ஒரு தலை திரும்பியது. இன்னொன்று. ஜன்னலருகே நின்றவனும் பார்த்தான்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க கிளம்பலையா?"

"நீங்க போய் லிஃப்டைப் பிடிச்சு வைங்க அண்ணே," என்றாள் ஜெசிந்தா. "இப்போ கூட்டம் வரும்."