கிளுவை வேலியின் அகலம்

"கோடு எங்க தப்புன்னு மட்டும் சொல்லிப்போடுங்க மேடம். அழிச்சுட்டு வேற போடறேன்."

கோசலை மேடம் வரைபடத்தைத் திருப்பி நீட்டினார்.

அமலி கோசலை மேடத்திடம் பூகோள ஆசிரியை ஆவதற்குப் படிக்கிறவள். காங்கேயம் பக்கத்துக் காட்டுவெளியில் எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்து வரைய வேண்டும். பொழுது சாய்வதற்குள் வரைபடம் தேறாவிட்டால் இந்த வருஷமும் போயிற்று. இன்னொரு வருஷம் கிடையாது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

தேறாமல் வீடு திரும்புவதில்லை என்று அவளும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நாடா பிடிச்சு அளந்தேன். ஸ்கேல் வெச்சுத்தான் போட்டேன். கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம், அந்தப் பக்கம் கடலை வயல். நடுவுல கோடு. இதுல என்னங்க தப்பு?"

"அந்தக் கோட்டுல போய்க் கொஞ்சம் உக்காரு."

"கோட்டுல எப்படிங்க உக்கார்றது? அது கோடு!"

"உக்காந்து பாத்துட்டுச் சொல்லு."

மரத்தடியில் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த மற்ற மாணவிகள் சிரித்தார்கள்.

"ஏனம்மிணி, முள்ளு குத்துனா கூப்பிடு. ஸ்கேலோட வர்றோம்!" என்றாள் தோழி வஞ்சி.

"குத்தட்டும்."

அமலி துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, முட்கிளுவை புதராய் அடர்ந்து நின்ற வேலிக்குள் நுழைந்தாள்.

முள் குத்தியது. எறும்பு கடித்தது. வெளியே கொளுத்திய வெயில் உள்ளே இல்லை. கையை ஊன்றினால் மண் சில்லென்றிருந்தது. பிரண்டை ஏறிப் பின்னியிருந்தது. கறையான் புற்று ஒன்று, பாதி மேய்ச்சலில், பாதி வயலில்.

வரைபடத்தை மடியில் விரித்து, ரப்பரை எடுத்தாள்.

அப்போது கடலைச் செடிகளுக்கு மேல் ஒரு நிழல் ஓடியது. வல்லூறு.

கௌதாரி ஒன்று குஞ்சுகளை விரட்டிக்கொண்டு வேலிக்குள் ஓடிவந்தது. அமலியின் பாதத்தருகே அப்படியே ஒடுங்கியது. குஞ்சுகளில் ஒன்று அவள் சுடிதார் விளிம்புக்கடியில் புகுந்துகொண்டது.

நிழல் போகவில்லை. வட்டமிட்டது.

அமலி ரப்பரைப் பிடித்த கையை அசைக்கவில்லை.

வெயில் இறங்கியது. வேன் கிளம்பத் தயாராகி ஹாரன் அடித்தது.

"அமலி! மேடம் வரைபடம் கேக்கறாங்க! வந்து தொலையேன்டி!"

பதில் குரல் கொடுத்தால் குஞ்சுகள் சிதறும். எழுந்தாலும் சிதறும். மேலே வல்லூறு.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தாய் தலை நீட்டியது. வானத்தைப் பார்த்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சல் புல்லுக்குள் மறைந்தது.

அமலி வெளியே வந்தபோது முழங்கையில் ரத்தம் கோடிழுத்திருந்தது. வேனருகே கோசலை மேடம் மட்டும் கீழே நின்றிருந்தார்.

"கோட்டைத் திருத்துனயா?"

"இல்லைங்க."

"இத்தனை நேரம் என்ன பண்ணுனே?"

"உள்ள ஆள் இருந்தாங்க மேடம்."

கோசலை மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எவ்வளவு அகலம்?"

அமலி வரைபடத்தை வேனின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். பென்சிலைப் படுக்க வைத்து, தன் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தாள். கோடு பட்டையாயிற்று.

"ஒரு தாயும் குஞ்சுகளும் ஒதுங்குற அகலமுங்க."