அரிசி தின்ற இளவரசியும் அடைமழையும்

முன்னொரு காலத்தில், மழைகூடத் தன் உத்தரவு வாங்கித்தான் பெய்ய வேண்டும் என்று நினைத்த ஒரு ராஜா இருந்தார். பெயர் தென்னவராயர். தங்கமான மனிதர், கோபம் வந்தால் மட்டும் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவருடைய ஒரே மகள் அமுதவல்லிக்கு, மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. அரண்மனைச் சோதிடர் மார்க்கசகாயர் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தார். ஐப்பசியில், ஐயா! தவளைகூடத் தங்க இடம் தேடும் அடைமழை மாதத்தில்! சபை விகடன் குப்பாண்டி மட்டும், "வருகிறவர்கள் குடையோடு வரட்டும்" என்றான். ராஜா சிரித்தார். சோதிடர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஒரு வாரமாகக் கொட்டிய மழையில் அரண்மனை முற்றத்துப் பந்தல் மூன்றாவது முறையாகச் சரிந்தது. ராஜா சபைக்கு வந்து குதியாய்க் குதித்தார்.

"யாரால் வந்தது இந்த மழை?"

சோதிடர் முந்திக்கொண்டார். ஐப்பசியால் வந்தது என்று எவனாவது சொல்லிவிட்டால்? சட்டென்று குப்பாண்டியைக் கைகாட்டினார்.

"மகாராஜா! கல்யாணத்தில் மழை சும்மா வராது. யாரோ செய்த பிழையால்தான் வரும். முகூர்த்தம் வைத்த அன்றே குடை என்று அபசகுனமாகப் பேசினானே, இவன் கருநாக்குதான் காரணம்!"

"மழைக்குக் காரணம் யாராயிருந்தாலும் சரி, நாளைப் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்! என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது ஒரு சொட்டு மழை விழக் கூடாது! இது என் ஆணை!"

குப்பாண்டியின் வீட்டில் மனைவி நிறைமாதம். இந்தக் கொட்டும் மழையில் அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவான், பாவம்? ஆனால் பயத்தைக் காட்டினால் சோதிடருக்குக் கொண்டாட்டமாகிவிடுமே!

"உத்தரவு, மகாராஜா. போவதற்கு முன் சோதிடரிடம் ஒரே ஒரு கேள்வி. சிறு வயதில் பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது மெய்யா பொய்யா? பொய் என்றால் மழை மாதத்தால் வந்தது. மாதத்தைக் குறித்தவர் தாங்கள்."

"மெய்! சத்தியமாக மெய்!" என்று அலறினார் சோதிடர்.

உடனே மடைப்பள்ளிச் செங்கமலத்தை வரவழைத்தார்கள். நாற்பது வருஷமாக அரண்மனைக்கு மாவு இடிப்பவள் அவள்.

"செங்கமலம் அக்கா, இளவரசி சின்ன வயசுல அரிசி தின்னாங்களா?" என்று கேட்டான் குப்பாண்டி.

"நல்லாக் கேட்டே போ! மாவிடிக்க உலர்த்தின பச்சரிசி உரலுக்கு வர்றதுக்குள்ள பாதி காலியாயிடும். 'கண்ணு, வேணாம்டா, கல்யாணத்துல மழை கொட்டும்டா'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே?"

"குழந்தைக்கு முறம் எட்டாதே. எடுத்துக் கொடுத்தது யாரு?"

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிம்மாசனத்தைப் பார்த்தாள்.

"சொல்லு, பயப்படாதே" என்றார் ராஜா.

"மகாராஜாதானுங்க! பூனை மாதிரி உள்ள வருவீங்க. ஒரு கை அள்ளி இடுப்புல முடிஞ்சுக்குவீங்க. அப்புறம் சபையில மடியில உட்கார வெச்சு ஊட்டுவீங்க."

ராஜாவின் கை தானாக இடுப்பைத் தொட்டது. அந்தச் சின்ன வாய் ஞாபகத்துக்கு வந்து கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அப்படியானால்... நாட்டை விட்டு நான்தான் போக வேண்டுமா, குப்பாண்டி?"

"ஆணை ஆணைதானே, மகாராஜா! இளவரசியையும் அழைத்துக்கொண்டு நாளைக்கே மலையைத் தாண்டிவிடுங்கள். அந்தப் பக்கம் ஐப்பசியில் மழை எட்டிக்கூடப் பார்க்காது. மாப்பிள்ளை வீடும் அங்கேதான் இருக்கிறது. காரணமானவர் வெளியேறியதும் ஆயிற்று, சொட்டு விழாமல் கல்யாணம் நடந்ததும் ஆயிற்று."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மகுடம் காதுவரை இறங்கிவிட்டது!

"புறப்படுங்கள்! குப்பாண்டியின் மனைவியை அரண்மனை மருத்துவச்சி பார்த்துக்கொள்ளட்டும். குப்பாண்டி என் பல்லக்கில் வரட்டும். ஐப்பசியைக் குறித்த மகானுபாவர் மலை ஏறி இறங்கும்வரை அவனுக்குக் குடை பிடித்து வரட்டும்!"

அப்படியே நடந்தது. சோதிடர் தொப்பலாக நனைந்து மலையைக் கடந்தார். மறுபக்கம் வெயில் பல்லைக் காட்டியது. குறித்த நேரத்தில், உலர்ந்த பந்தலில், அமுதவல்லி கழுத்தில் தாலி ஏறியது.

அட்சதை தூவ அரிசியை அள்ளிய ராஜா, மகளைப் பார்த்தார். திருட்டுத்தனமாகக் குப்பாண்டியையும் பார்த்தார்.

"கொடுங்கள், மகாராஜா! தாலி ஏறியாயிற்று. இனி அம்மணி எவ்வளவு தின்றாலும் மழை வராது!"

ராஜா சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார். மறு கையால் மகள் வாயில் நாலு அரிசி போட்டார்.