எதிர் வரப்பு

ஒரு ஊரில் கோணமூக்கி என்று ஒரு வாத்து இருந்தது. அலகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே முட்டையிலிருந்து வந்த ஜீவன், நெல் பொறுக்கத் தடுமாறும். அறுப்பு முடிந்த வயல்களில் முந்நூறு வாத்து மேய்த்த பூங்காவனம், இதற்கு மட்டும் சோற்றை மென்று தன் உதட்டாலேயே ஊட்டுவாள். "என் கண்ணு, என் ராசாத்தி" என்று கொஞ்சல் வேறு! மற்ற வாத்துகளுக்கு வயிறு எரியும்.

மார்கழியில் வடக்கேயிருந்து காட்டு வாத்துகள் ஏரியில் வந்து இறங்கின. கோணமூக்கி அவற்றோடு ஒரு பகல் நீந்திவிட்டு வந்தது. இரண்டு நாளில் தலை கனத்தது. உள்ளே யாரோ செருமினார்கள்.

"யாரது?"

"நான்தான் ஃப்ளூ காய்ச்சல். காட்டு வாத்துகளின் வயிற்றில் காலங்காலமாகக் குடியிருக்கிறேன். ஒரே வீடு அலுத்துப்போச்சு."

"இங்கே என்ன வேலை?"

"நீ வெறும் வாசப்படி. எனக்கு வேண்டியது அந்த அம்மாளின் மூச்சு. சில தடவை பன்றிக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு மனுஷரிடம் போயிருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் கோடிக்கணக்கில் சாய்த்தேன், தெரியுமா?"

"ஐயோ, அவளை விட்டுடு!"

"நான் எங்கே போகிறேன்? அவளே வந்து வாங்கிக்கொள்வாள். உன்மேல் அவ்வளவு பிரியம்!"

பூங்காவனம் சோற்றை மென்றபடி வந்துகொண்டிருந்தாள். "ஏண்டி கண்ணு, சுருண்டு கிடக்கிறே?"

கோணமூக்கிக்கு நல்ல பசி. அந்த மடியில் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனாலும் கழுத்தை நீட்டி ஒரு சீறு சீறியது. விழுந்தடித்து எதிர் வரப்புக்கு ஓடியது. அவள் கிட்டே வரவர இது எட்ட எட்டப் போனது.

அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் இதே கூத்து. கடைசியில் பூங்காவனம் ஒரு பிடி சோற்றை வரப்பில் கொட்டினாள். "நன்றி கெட்டதே! ஊட்டின வாயைப் பார்த்தா சீறுறே? தின்னு தொலை!" கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

கோணமூக்கி சிந்திச் சிதறி நாலு பருக்கை தின்றது.

"உன்னைப் போய் நன்றி கெட்டது என்கிறாளே, வலிக்கலையா?" என்றது காய்ச்சல்.

"வலிக்காமல் என்ன? ஆனால் அவள் திட்டினதைக் கேட்டாயா? தொண்டையில் ஒரு கமறல் உண்டா பார்!"