இன்லண்டில் இடமில்லை

ஜெசிந்தா டீச்சருக்கு வயசு இருபத்துமூன்று. அவளிடம் இங்கிலீஷ் படிக்க வந்த மிக்கேலம்மாளுக்கு நாற்பத்தொன்று. டீச்சர் இவளை அக்கா என்பாள். இவள் அவளை டீச்சர் என்பாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நாளுக்கு ஒரு சொல். மறுநாள் அதற்கு அவரவர் வீட்டிலிருந்து ஒரு உதாரணம் கொண்டுவர வேண்டும்.

அன்றைய சொல் டைரேட். கோபத்தில் மூச்சுவிடாமல் நீளத்துக்குத் திட்டித் தீர்ப்பது என்றாள் டீச்சர். சுள்ளென்று ஒரு வார்த்தை சொன்னால் அது சேராதாம். நிற்காமல் ஓட வேண்டுமாம்.

மறுநாள் ஒருத்தி மாமியாரைச் சொன்னாள், ஒருத்தி பஸ் கண்டக்டரைச் சொன்னாள். ஒரே சிரிப்பு. எல்லாரும் போன பிறகு மிக்கேலம்மாள் பையிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

பம்பாயில் இருக்கும் தங்கச்சி பிலோமிக்கு எழுதியது. தந்தி கொடுத்தும் அம்மா சாவுக்கு அவள் வரவில்லை. ஏழு மாசமாக நெஞ்சில் கிடந்ததை முந்தாநாள்தான் கொட்டியிருந்தாள். போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டால் பாரம் இறங்கிவிடும்.

"இது சரியான உதாரணந்தானா டீச்சர்?"

டீச்சர் வாசித்தாள். மடிப்பு ஓரம்கூட விடாமல் எழுத்து நெருக்கியடித்து நின்றது.

"சரியான உதாரணந்தான்க்கா. ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு."

மிக்கேலம்மாள் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். எதை விட்டோம்? சின்ன வயசில் அவள் சொன்ன பொய் வரைக்கும் எழுதியாச்சே.

"இங்கு யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். அது இல்லாம நம்ம பக்கம் யாருக்கா கடிதம் எழுதுறா?"

அது நியாயம்தான். மிக்கேலம்மாள் பேனாவை வாங்கி இடம் தேடினாள். தலைப்பக்கம் இல்லை. விலாசத்துக்குக் கீழேயும் இல்லை.

டீச்சர் தன் பையிலிருந்து புது இன்லண்ட் ஒன்றை எடுத்து வைத்தாள்.

மிக்கேலம்மாள் அந்த முதல் வரியை எழுதினாள். அடுத்ததைப் பழையதில் பார்த்து எழுதப் போனாள். நீயும் ஒரு பிறவியா என்று இருந்தது. உன் நலம் அறிய ஆவல் என்பதற்குக் கீழே அது உட்கார மாட்டேன் என்றது.

பேனா நின்றது.

வெகுநேரம் கழித்து, உனக்கு மேலுக்கு முடியலையா பிலோமி என்று எழுதினாள். ஏழு மாசத்தில் அவள் அதைக் கேட்டிருக்கவே இல்லை. பிறகு, அம்மா சேலை ஒன்று உனக்காக எடுத்து வைத்திருக்கேன் என்று எழுதினாள். முக்கால்வாசித் தாள் வெறுமையாகவே கிடந்தது. அப்படியே மடித்து ஒட்டினாள்.

பழையது இன்னும் மடியில் இருந்தது.

"அப்போ அந்தச் சொல்லை எதுக்கு டீச்சர் படிச்சோம்?"

"பேரு தெரியலேன்னா, அதைக் கடிதம்னு நினைச்சுல்ல பெட்டியில போட்டிருப்பீங்க."