விழுப்புரம் தாண்டி அவிழ்க்க வேண்டிய பொட்டலம்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். வழக்கு ஒரு பொட்டலம் தயிர்சாதத்தைப் பற்றியது. சிரிக்காதீர்கள், ஒரு நோயாளியின் ராச்சாப்பாடு அதில்தான் இருந்தது.

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் சாயங்கால ரயிலில் வடிவாம்பாள் தன் கணவர் அருணகிரியை ஊருக்கு அழைத்துப் போனாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். காரம் ஆகாது, புளிப்பு துளியும் ஆகாது, வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அக்காள் வீட்டில் சமைத்து, வாழையிலையில் கட்டி, மஞ்சள் பையில் எடுத்து வந்தாள்.

எதிர் இருக்கையில் பரமானந்தம், மோட்டார் பம்பு விற்பவர். அவர் கொண்டுவந்ததும் வாழையிலைப் பொட்டலம், அதுவும் மஞ்சள் பையில். நம் ஊரில் மஞ்சள் பை இல்லாமல் யார் ரயிலேறுகிறார்கள்? இருவரும் நடைமேடையில் ஒரே பெஞ்சில் பையை வைத்துவிட்டு, அவசரத்தில் பெட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஓடி வந்து ஒரு பையை வாசலில் நீட்டினார். மற்றது பெஞ்சிலேயே தங்கிவிட்டது.

வந்தது என் தயிர்சாதம் என்றாள் அவள். என்னுடையதும் தயிர்சாதம்தான், கெட்டித் தயிர் விட்டு நானே பிசைந்தேன், பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார் அவர். வடிவாம்பாள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"விழுப்புரம் தாண்டாம இதை யாரும் அவுக்கக் கூடாது. நானும் அவுக்க மாட்டேன்."

சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்க யாராவது பயப்படுவார்களா? பெட்டியில் எல்லோருக்கும் அவள் மேல் சந்தேகம் வந்தது. டிக்கெட் பரிசோதகர் செங்கல்பட்டிலேயே அவிழ்க்க வைத்தார். உள்ளே சோறு பாலில் தளதளவென்று கிடந்தது, புளிப்பு வாசனையே இல்லை. இது பால்சோறு, எங்கள் இருவருடையதும் இல்லை என்றார் பரமானந்தம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படியானால் வேறு யாருடையதோ, அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவோம் என்றார் பரிசோதகர். அவள் சொல்ல வந்ததைச் சமையற்கட்டுப் பேச்சு என்று இருவரும் காதில் வாங்கவில்லை.

வடிவாம்பாள் இலையை மூடி மறுபடி நூலைச் சுற்றினாள்.

"இதை இறக்கணும்னா என்னையும் சேத்து இறக்குங்க சார்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இருவரும் சொன்னது தயிர்சாதம், இருந்தது பால்சோறு. அந்தப் பொட்டலம் யாருடையது?

விடை: வடிவாம்பாளுடையது. தயிர் ஊற்றிப் பிசைந்த சோறு ராத்திரிக்குள் புளித்துவிடும். அதனால் பயணத்துக்குக் கட்டும்போது பாலை விட்டு, பேருக்கு ஒரு ஸ்பூன் தயிர் கலப்பார்கள். போகிற வழியிலேயே அது தோய்ந்து, சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காத தயிர்சாதமாகிவிடும். அதற்குத்தான் விழுப்புரம் வரை பொறுக்கச் சொன்னாள். கெட்டித் தயிரில் பிசைந்தது பாலாக மாற வழியே இல்லை. அவளை இறக்க மனமில்லாமல் பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். விழுப்புரம் தாண்டி அவள் அவிழ்த்தபோது சோறு பதமாகத் தோய்ந்திருந்தது. ஒரு பிடியைப் பரமானந்தத்துக்கும் கொடுத்தாள், அவர் வாதாடாமல் வாங்கிக்கொண்டார். அருணகிரி இலையை வழித்துச் சாப்பிட்டார். அறுவைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். அதுவரை அசையாமல் இருந்த வடிவாம்பாள் அப்போதுதான் அழுதாள்.